கஸ்டம் ஹவுஸ் வெஸ்ட் ஹாம் அரங்கு (1928–1972): பந்தயச் சட்டம், நில மதிப்பு, தெருப்பெயர் நினைவு

ஆய்வுச்சுருக்கம்

கிழக்கு லண்டனின் கஸ்டம் ஹவுஸ் பகுதியில் 1928இல் திறக்கப்பட்டு 1972இல் மூடப்பட்ட வெஸ்ட் ஹாம் அரங்கு, ஸ்பீட்வே எனப்படும் மோட்டார் சைக்கிள் தடப்பந்தயத்தின் வரலாற்றில் முதன்மையான இடங்களுள் ஒன்றாகும். அவ்வரங்கின் எழுச்சியும் மறைவும் அவ்விளையாட்டின் செல்வாக்கு ஓங்கியதையும் தேய்ந்ததையும் கொண்டே பெரும்பாலும் விளக்கப்படுகின்றன. அவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அரங்கின் ஆயுளை முடிவு செய்தது ஸ்பீட்வே அன்று. அங்கு நடந்த நாய்ப்பந்தயமும் அதனை நெறிப்படுத்திய பந்தயச் சட்டங்களும் நிலத்தின் மதிப்புமே அதனை முடிவு செய்தன. எனினும் அரங்கு இடிக்கப்பட்ட பின் எழுந்த தெருக்கள் ஸ்பீட்வே வீரர்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. பொருளியல் வரலாறும் நினைவின் வரலாறும் இவ்வாறு வேறுபடுவதன் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்பீட்வே, நாய்ப்பந்தயம், கிழக்கு லண்டன், துறைமுகத் தொழிலாளர், பந்தயச் சட்டம், இடப்பெயராய்வு

முன்னுரை

விளையாட்டு வரலாறு வீரர்களின் வரலாறாகவே நெடுங்காலம் எழுதப்பட்டது. வென்றவர் யார், தோற்றவர் யார், எத்தனை புள்ளிகள் என்பனவே அதன் பொருளாயின. விளையாட்டு நிகழ்ந்த நிலம் யாருக்கு உரியது, அந்நிலத்தைத் தாங்கிய வருவாய் எங்கிருந்து வந்தது, அது எப்போது, ஏன் கைமாறியது என்னும் வினாக்கள் பின்னரே எழுந்தன. ஓர் அரங்கின் வரலாற்றை எழுத முற்படுவோர் இவ்விரு வகை வினாக்களையும் ஒருங்கே எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

ஸ்பீட்வே என்பது நீள்வட்டத் தடத்தில் நான்கு வீரர்கள் நான்கு சுற்றுகள் ஓட்டும் பந்தயம். வண்டி 500 சிசி எந்திரம் உடையது. மெத்தனால் எரிபொருளில் இயங்குவது. அதில் பிரேக் கிடையாது. பந்தயத்தின்போது கியர் மாற்றவும் வழியில்லை. வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, இடது காலைத் தரையில் ஊன்றி, முன்சக்கரத்தை எதிர்ப்புறம் திருப்பி வீரர் வளைவைக் கடப்பார். தடத்தில் தொடக்கத்தில் கரித்துகள் பரப்பப்பட்டது. முதலில் வருபவருக்கு 3 புள்ளிகள், அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1 என்பது கணக்கு. ஒவ்வொரு ஓட்டமும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இவ்விளையாட்டு ஆஸ்திரேலியாவில் உருப்பெற்றது. நியூ சவுத் வேல்ஸின் வெஸ்ட் மெயிட்லாண்டில் 1923 டிசம்பரில் ஜானி ஹோஸ்கின்ஸ் நடத்திய பந்தயம் அதன் தொடக்கமாகப் பலராலும் சுட்டப்படுகிறது. இங்கிலாந்தில் 1928 பிப்ரவரி 19 அன்று எப்பிங் காட்டை ஒட்டிய ஹை பீச்சில் நடந்த பந்தயம் எதிர்பார்ப்பைப் பன்மடங்கு மீறிய கூட்டத்தை ஈர்த்தது. அதன்பின் சில மாதங்களிலேயே நாடெங்கும் தடங்கள் தோன்றின. வெஸ்ட் ஹாம் அரங்கு அவ்வலையில் எழுந்ததாகும்.

துறைமுகத்தை ஒட்டிய நிலம்

வெஸ்ட் ஹாம் அரங்கு என்னும் பெயர் கால்பந்து ரசிகர்களை மயங்க வைக்கக்கூடியது. வெஸ்ட் ஹாம் யுனைடெட் கழகத்தின் திடல் அப்டன் பார்க்கில் இருந்தது. இக்கட்டுரை கூறும் அரங்கு அதற்குத் தெற்கே, பிரின்ஸ் ரீஜன்ட் லேன் சாலையை ஒட்டி, கஸ்டம் ஹவுஸில் அமைந்திருந்தது. அதற்கும் தெற்கே விக்டோரியா (1855), ஆல்பர்ட் (1880), ஐந்தாம் ஜார்ஜ் (1921) என்னும் மூன்று அரச கப்பல்துறைகள் தொடர்ந்து கிடந்தன. வெஸ்ட் ஹாம் அன்று லண்டன் கவுண்டியின் எல்லைக்கு வெளியே எசெக்ஸைச் சேர்ந்த தனி நகராட்சியாக இருந்தது. கீர் ஹார்டி 1892இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வு பெற்ற தொகுதி இதுவே.

அப்பகுதி ஆடவருள் பலர் கப்பல்துறைத் தொழிலாளர்கள். அவர்களின் வேலை நாள்கூலி முறையில் அமைந்தது. காலையில் துறைவாயிலில் கூடி நிற்போரிடையே மேற்பார்வையாளர் கைகாட்டியவருக்கே அன்றைக்கு வேலை. இந்நிலை 1947இல் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டத்தால் ஓரளவு சீர்பெற்று, 1967இல்தான் நிரந்தர வேலைமுறையாக மாறியது. கையில் பணம் இருக்கும் நாளும் இல்லாத நாளும் முன்கூட்டித் தெரியாத வாழ்க்கை அது. இத்தகையோர்க்கு நடந்து செல்லும் தொலைவில், மாலை வேளையில், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொழுதுபோக்கே இயல்வதாக இருந்தது. அரங்கின் இடத்தேர்வு இவ்வாழ்க்கை முறையோடு பொருந்தி நின்றது.

கிளாஸ்கோவைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு லீட்ச் அரங்கை வடிவமைத்தவர் என அறியப்படுகிறார். பிரிட்டனின் முதன்மையான கால்பந்துத் திடல்கள் பலவற்றுக்கு மேடைகள் அமைத்தவர் அவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடலாம் எனச் சொல்லப்பட்ட பேரரங்காக அது எழுந்தது. 1928 ஜூலை 28இல் முதல் ஸ்பீட்வே பந்தயமும், ஆகஸ்டில் முதல் நாய்ப்பந்தயமும் நடந்தன. ஸ்பீட்வே ஒரு வாரம் முந்தியது என்பதனால் இது ஸ்பீட்வேக்காகவே கட்டப்பட்ட அரங்கு எனக் கொள்வது பொருந்தாது. இவ்வளவு பெரிய முதலீட்டுக்கு அடிப்படை எது என்பதை வருவாயைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

வருவாயின் ஊற்று: நாயும் டோட்டும்

இயந்திர முயலைத் துரத்தும் கிரேஹவுண்ட் பந்தயம் பிரிட்டனில் 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வூவில் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் அது பெருந்தொழிலானது. இவ்வேகத்துக்கான காரணத்தை நாயின் ஓட்டத்தைவிடச் சட்டத்தின் போக்கிலேயே தேட வேண்டும்.

1853, 1906 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் பந்தயத்திடலுக்கு வெளியே தெருவிலும் கடையிலும் ரொக்கப் பணம் கட்டுவதைத் தடுத்திருந்தன. கடன் கணக்கில் பந்தயம் கட்டத் தடையில்லை. தொலைபேசியும் வங்கிக் கணக்கும் உடையவர் வீட்டிலிருந்தே சட்டப்படி பந்தயம் கட்டலாம். கூலித் தொழிலாளி தெருமுனையில் கட்டினால் குற்றம். திடலுக்குள் ரொக்கப் பந்தயம் செல்லும் என்றாலும், குதிரைப்பந்தயத் திடல்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருந்தன. பந்தயங்களும் பகலிலேயே நடந்தன. இந்த இடைவெளியை நாய்ப்பந்தயம் நிரப்பியது. தொழிலாளர் வாழும் பகுதியின் நடுவே, வேலை முடிந்த மாலையில், மின்விளக்கு ஒளியில் சட்டத்துக்கு உட்பட்டு ரொக்கம் கட்டும் இடத்தை அது உருவாக்கியது.

1934ஆம் ஆண்டின் பந்தயம் மற்றும் குலுக்குச்சீட்டுச் சட்டம் இரண்டு வகையில் முதன்மையானது. முதலாவது, நாய்ப்பந்தயத் திடல்களில் டோட் முறையை அது ஏற்றது. டோட் என்பது கட்டப்பட்ட பணம் முழுவதையும் ஒன்றாகத் திரட்டி, ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை வென்றவர்களுக்குப் பகிரும் முறை. கழிக்கப்படும் பங்கு திடலை நடத்துவோருக்குச் சேரும். எந்த நாய் வென்றாலும் அவர்களுக்கு இழப்பில்லை. இரண்டாவது, ஒரு திடலில் பந்தயம் நடத்தத்தக்க நாள்களை ஆண்டுக்கு 104 எனச் சட்டம் வரையறுத்தது.

ஸ்பீட்வே இளவேனிலில் தொடங்கி இலையுதிர் காலம் வரை, செவ்வாய்க்கிழமை மாலைகளில் நடந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மாலைகள் என்னும் அளவை அது பெரிதும் தாண்டாது. நாய்ப்பந்தயமோ ஆண்டு முழுவதும் 104 நாள்கள் நடக்கலாம். மேலும் ஸ்பீட்வேயின் வருவாய் நுழைவுச்சீட்டை நம்பியது. நாய்ப்பந்தயத்தின் வருவாய் நுழைவுச்சீட்டோடு டோட்டின் பங்கையும் உடையது. சட்ட நோக்கில் ஒப்பந்தங்கள் எவ்வாறு அமைந்திருப்பினும், பொருளியல் நோக்கில் நாய்ப்பந்தயமே இவ்வரங்கின் வீட்டுக்காரர், ஸ்பீட்வே வாடகைதாரர் எனலாம்.

நாய்ப்பந்தயத்துக்கும் இவ்வரங்கில் புகழ்பெற்ற இரவுகள் உண்டு. அக்காலத்தில் நாடறிந்த நாயாகிய மிக் தி மில்லர் 1930இல் சீசர்விச் கோப்பையை வென்றது இங்கேதான். அக்கோப்பைக்கான பந்தயம் 1972இல் அரங்கு மூடப்படும் வரை இங்கு நடந்து, பின் பெல் வூவுக்கு மாறியது.

தோற்ற வாடகைதாரர்: தேம்ஸ் கால்பந்துக் கழகம்

வாடகைதாரரின் நிலை எத்தகையது என்பதற்குக் கால்பந்து தெளிவான சான்று தருகிறது. அரங்கு வெறுமையாகக் கிடக்கும் சனிக்கிழமைப் பிற்பகல்களைப் பயன்படுத்தும் நோக்கில் தேம்ஸ் அசோசியேஷன் என்னும் கால்பந்துக் கழகம் 1928இல் தொடங்கப்பட்டது. 1930இல் அது லீக்கின் மூன்றாம் பிரிவில் இடம்பெற்றது. 1930 டிசம்பர் 6 அன்று லூட்டன் டவுன் அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தோர் 469 பேர் மட்டுமே. ஒரு லட்சம் பேருக்கான படிக்கட்டுகளில் 469 பேர். 1932இல் அக்கழகம் லீக்கிலிருந்து விலகிக் கலைந்தது.

அப்டன் பார்க்கில் வேரூன்றிய கழகம் ஒன்று அருகிலேயே இருந்தமையால் புதிய கழகத்துக்கு ஆதரவு திரளவில்லை. தேம்ஸ் கழகம் நிலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்னும் தேவையால் பிறந்தது. மக்களின் தேவையால் பிறக்கவில்லை. ஸ்பீட்வேயும் அதே நிலத்துக்கு அதே ஆண்டில் வந்த புதிய விளையாட்டுத்தான். ஆயினும் அது நிலைபெற்றது. ஆகவே வாடகைதாரர் என்னும் நிலை ஒன்றாயினும் மக்களிடம் பெற்ற இடம் வேறு. இவ்வேறுபாடு பின்னர் தெருப்பெயர்களை விளக்கத் துணைபுரியும்.

செவ்வாய்க்கிழமை மாலைகள்: 1930கள்

1930களில் வெஸ்ட் ஹாம் ஸ்பீட்வேயை நடத்திய முதன்மையானவர் ஜானி ஹோஸ்கின்ஸ். நியூசிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் இவ்விளையாட்டை நடத்தி, 1928இல் இங்கிலாந்து வந்தவர். பந்தயத்தோடு வேடிக்கையையும் கலந்து தருவதில் வல்லவர். வெற்றிக்குப் பின் வீரர்கள் அவருடைய தொப்பியைப் பறித்துத் தீயிடுவது ரசிகர்கள் எதிர்பார்க்கும் சடங்காயிற்று.

குறுக்கிட்ட இரு சுத்தியல்களே அணியின் அடையாளம். தேம்ஸ் இரும்பாலையின் கப்பல் கட்டும் தொழிலிலிருந்து வெஸ்ட் ஹாம் யுனைடெட் பெற்ற சின்னத்தை ஸ்பீட்வே அணியும் ஏற்றது. தொழிலின் கருவி விளையாட்டின் சின்னமானது, அணியைத் தம்முடையதாகக் கொள்ள அப்பகுதி மக்களுக்கு உதவியது. வீரர்களோ பெரும்பாலும் வேற்றூரார். 'டைகர்' ஸ்டீவன்சன், டாமி குரூம்ஸ், ஆர்தர் அட்கின்சன் முதலிய ஆங்கிலேயரோடு, ஆஸ்திரேலியாவின் 'புளூயி' வில்கின்சன், கனடாவின் எரிக் சிட்டி ஆகியோரும் அணியில் இருந்தனர். கப்பல் வழியே உலகம் வந்து சேரும் துறைமுகப் பகுதியில் கடல் கடந்து வந்த வீரர் அயலாராகக் கருதப்படவில்லை.

1936இல் வெம்பிளியில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியில் வில்கின்சன் தாம் ஓட்டிய ஐந்து ஓட்டங்களிலும் முதலாவதாக வந்து 15 புள்ளிகள் பெற்றார். ஆனால் தகுதிச் சுற்றுகளில் ஈட்டிய ஊக்கப் புள்ளிகளும் சேர்த்துக் கணக்கிடப்பட்டன. அவருடைய 10 ஊக்கப் புள்ளிகளோடு மொத்தம் 25. லயனல் வான் பிராகும் எரிக் லாங்டனும் 26 புள்ளிகளுடன் சமமாக நின்று, இறுதி ஓட்டத்தில் வான் பிராக் பட்டம் பெற்றார். இறுதிப் போட்டியில் தோல்வியே காணாத வில்கின்சன் மூன்றாமிடம் பெற்றார். 1938இல் அவர் உலகச் சாம்பியனானார். 1940இல் சிட்னியில் சாலை விபத்தில் இறந்தார். 1937இல் அணி தேசிய லீக் பட்டத்தை வென்றது.

1933இல் வெம்பிளி அணிக்கு எதிரான பந்தயத்தைக் காண 82,400 பேர் வந்ததாகக் கூறப்படுவது இவ்வரங்கின் ஸ்பீட்வே கூட்டங்களுள் உச்ச அளவாக வழங்குகிறது. அமைப்பாளர் தரும் எண்கள் விளம்பரத்தன்மை உடையன என்பதனைக் கருத்திற்கொண்டாலும், மூன்றாண்டுகளுக்கு முன் அதே அரங்கில் கால்பந்துக்குத் திரண்ட 469 பேரோடு ஒப்பிட இது பொருளுடையது. மேலும் ஸ்பீட்வே கூட்டத்தில் பெண்களும் குடும்பத்தினரும் பெருமளவில் இருந்தனர். தடத்தில் மட்டும் பெண்களுக்கு இடம் நீடிக்கவில்லை. ஃபே டெய்லர், ஈவா ஆஸ்க்வித் முதலிய பெண் வீரர்கள் தொடக்க ஆண்டுகளில் ஆடவரோடு போட்டியிட்டனர். 1930இல் பெண்கள் பந்தயத்தில் பங்கேற்பது தடைசெய்யப்பட்டது. பார்வையாளராகப் பெண்களை வரவேற்ற விளையாட்டு, வீரராக அவர்களை விலக்கியது.

வரியும் முதல் மறைவும்: 1946–1955

போருக்குப் பின் 1946இல் தேசிய லீக் ஆறு அணிகளுடன் மீண்டும் தொடங்கியபோது வெஸ்ட் ஹாமும் அவற்றுள் ஒன்று. பொழுதுபோக்குக்கு ஏங்கிய மக்கள் ஸ்பீட்வேக்கும் நாய்ப்பந்தயத்துக்கும் பெருந்திரளாக வந்தனர். வாலி கிரீன் 1950இல் உலகப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். ஆப் லாசன் அணியின் தூண்களுள் ஒருவரானார். 1951இல் எடின்பரோ அணியிலிருந்து உலகச் சாம்பியனான ஆஸ்திரேலியர் ஜாக் யங், 3,750 பவுண்டு என்னும் அன்றைய உச்சத் தொகைக்கு வெஸ்ட் ஹாமுக்கு மாறி, 1952இலும் பட்டம் வென்றார். உலகப் பட்டத்தை இருமுறை வென்ற முதல் வீரர் அவரே.

மூன்று ஆண்டுகளில் நிலை தலைகீழாயிற்று. பொழுதுபோக்கு வரியில் கால்பந்து போன்ற ஆட்டங்களுக்குக் கிடைத்த குறைந்த விகிதம் ஸ்பீட்வேக்குக் கிடைக்கவில்லை. உயர் விகித வரி நுழைவுக் கட்டணத்தின் பெரும்பகுதியை விழுங்கியது. தொலைக்காட்சியும் பரவியது. லண்டனில் நியூ கிராஸ் 1953இலும், ஹாரிங்கே 1954இலும் ஸ்பீட்வேயை நிறுத்தின. 1955 பருவத்தோடு வெஸ்ட் ஹாமும் நிறுத்தியது. விளையாட்டுகளுக்கான பொழுதுபோக்கு வரி 1957இல் நீக்கப்பட்டபோது லண்டனில் எஞ்சியிருந்த தடம் விம்பிள்டன் மட்டுமே.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. 1956 முதல் 1963 வரை எட்டுப் பருவங்கள் கஸ்டம் ஹவுஸில் ஸ்பீட்வே அணி இல்லை; அரங்கு மட்டும் இயங்கிக்கொண்டே இருந்தது. நாய்கள் ஓடின, டோட் இயங்கியது. ஸ்பீட்வே இன்றியும் அரங்கு வாழும் என்பதை இவ்வெட்டு ஆண்டுகள் மெய்ப்பித்தன. நாய்ப்பந்தயம் இன்றி அது வாழுமா என்னும் வினாவுக்கு 1972 விடை தந்தது.

மறுவருகையும் துயரமும்: 1964–1971

1964இல் ஸ்பீட்வே மீண்டது. மறு ஆண்டு பிளவுபட்டிருந்த லீக்குகள் இணைந்து 18 அணிகள் கொண்ட பிரிட்டிஷ் லீக் உருவானது. அதன் முதற்பட்டத்தை வெஸ்ட் ஹாமே வென்றது. அதே பருவத்தில் நாக்அவுட் கோப்பையையும் லண்டன் கோப்பையையும் அது பெற்றது. ஸ்காட்லாந்தின் கென் மக்கின்லேயும் நார்வேயின் ஸ்வெர்ரே ஹார்ஃபெல்டும் அவ்வணியின் முன்னணி வீரர்கள். ஹார்ஃபெல்ட் 1966 உலகப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார்.

1970 ஜூலையில் நெதர்லாந்துப் பயணத்தை முடித்துத் திரும்பிய குழுவின் வேன் பெல்ஜியத்தின் லோக்கரென் அருகே விபத்துக்குள்ளானது. வெஸ்ட் ஹாம் மேலாளர் ஃபில் பிஷப்பும் வீரர்கள் நால்வரும் இறந்தோருள் அடங்குவர். பிஷப் 1930களில் தடத்தில் அடிக்கடி விழுந்து எழுந்ததனால் 'விபத்துகளின் அரசர்' எனப் பெயர் பெற்றவர். பிரேக் இல்லா வண்டியில் வாழ்நாள் முழுதும் தப்பியவர் நெடுஞ்சாலையில் உயிரிழந்தார்.

அரங்கின் முடிவை இவ்விபத்தின் விளைவாகக் காண்பது உணர்ச்சிக்கு இசைவானது, சான்றுக்கு இசைவானதன்று. அணி 1970 பருவத்தையும் 1971 பருவத்தையும் முடித்தது. அரங்கைக் கைவிடச் செய்த காரணங்கள் வேறிடத்தில் விளைந்துகொண்டிருந்தன.

1972: வீட்டுக்காரர் வெளியேறுதல்

1960ஆம் ஆண்டின் பந்தயம் மற்றும் சூதாட்டச் சட்டம் திடலுக்கு வெளியே ரொக்கப் பந்தயத்தை ஏற்றது. 1961 மே 1 முதல் தெருக்களில் உரிமம் பெற்ற பந்தயக் கடைகள் திறந்தன. தொழிலாளி சட்டப்படி ரொக்கம் கட்ட இனி அரங்குக்குப் போக வேண்டியதில்லை. நாய்ப்பந்தயத் திடல்களை 1920களில் எழுப்பிய சட்ட இடைவெளி இவ்வாறு அடைபட்டது. 1948 முதல் டோட் பணத்தின் மீது 10 விழுக்காடு வரியும் இருந்தது. கூட்டம் குறைந்தது, அரங்கின் வருவாய்க்கும் நிலத்தின் விலைக்கும் இடையிலான வேறுபாடு விரிந்தது.

நிலத்தின் தேவையோ வளர்ந்தது. 1940 செப்டம்பர் 7 அன்று தொடங்கிய வான்தாக்குதல்கள் இப்பகுதியின் வீடுகளைப் பெருமளவில் அழித்திருந்தன. 1965இல் வெஸ்ட் ஹாமும் ஈஸ்ட் ஹாமும் இணைந்து உருவான நியூஹாம் நகராட்சிக்கு வீட்டுப் பற்றாக்குறை முதன்மைச் சிக்கலாக இருந்தது. உயர்மாடிக் கட்டடங்கள் அதற்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டன. கஸ்டம் ஹவுஸின் புட்சர்ஸ் ரோட்டில் எழுந்த 22 மாடி ரோனன் பாயின்ட் 1968 மே 16 அன்று எரிவாயு வெடிப்பால் ஒரு மூலை முழுதும் சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. அதன்பின் உயர்மாடி வீட்டுவசதியின் மீதான நம்பிக்கை குலைந்தது. தாழ்ந்த வீடுகளுக்கு அகன்ற நிலம் வேண்டும். அகன்ற நிலம் அரங்குகளிடம் இருந்தது.

லண்டன் நாய்ப்பந்தய அரங்குகளுள் நியூ கிராஸ் 1969இலும், சார்ல்டன் 1971இலும் மூடப்பட்டன. கிளாப்டன் 1974 தொடக்கத்தில் மூடப்பட்டது. இவ்வரிசையின் நடுவே வெஸ்ட் ஹாம் விற்கப்பட்டது. ரோம்ஃபோர்டு ஸ்பீட்வே அணி இரைச்சல் குறித்த குடியிருப்பாளர் எதிர்ப்பால் தன் திடலை இழந்து 1972இல் இங்கு அடைக்கலம் புகுந்தது. ஆனால் சில வாரங்களே அதற்குக் கிடைத்தன. 1972 மே 23 செவ்வாய்க்கிழமை கடைசி ஸ்பீட்வே பந்தயம். மே 26 வெள்ளிக்கிழமை கடைசி நாய்ப்பந்தயம். 1955இல் ஸ்பீட்வே நின்றபோது நாய்ப்பந்தயம் தொடர்ந்தது. 1972இல் இரண்டும் மூன்று நாள் இடைவெளியில் முடிந்தன. வாடகைதாரர் போனால் வீடு நிற்கும். வீட்டுக்காரர் விற்றுவிட்டால் வாடகைதாரருக்கு இடமில்லை. இக்கட்டுரையின் வாதத்துக்கு இவ்விரு முடிவுகளின் வேறுபாடே வலுவான சான்று.

கப்பல்துறைகள் நலிந்ததே அரங்கின் மறைவுக்குக் காரணம் என்னும் கருத்தும் ஆராயத்தக்கது. ஆற்றின் மேற்பகுதித் துறைகள் 1967 முதல் ஒவ்வொன்றாக மூடப்பட்டன என்பது உண்மையே. ஆயின் கஸ்டம் ஹவுஸை வாழவைத்த அரச கப்பல்துறைகள் 1981 வரை இயங்கின. அரங்கு அவற்றுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே மறைந்தது. துறைமுகத்தின் வீழ்ச்சி பின்னணியாகலாம், நேரடிக் காரணமாகாது. சொல்லப்போனால், வேலை பறிபோன தலைமுறை அதனினும் முன்னதாகத் தன் கூடுமிடத்தை இழந்திருந்தது.

தெருப்பெயர்கள்

அரங்கு இருந்த நிலத்தில் வீடுகள் எழுந்தன. அவற்றினூடே செல்லும் தெருக்களுக்குக் குரூம்ஸ் ரோடு, வில்கின்சன் ரோடு, அட்கின்சன் ரோடு, யங் ரோடு, ஹோஸ்கின்ஸ் குளோஸ் என்னும் பெயர்கள் இடப்பட்டன. அனைத்தும் வெஸ்ட் ஹாம் ஸ்பீட்வேயோடு தொடர்புடையவை. சீசர்விச் வென்ற மிக் தி மில்லரின் பெயரை அத்தெருக்கள் ஏற்கவில்லை. நிலத்தை நாற்பத்து நான்கு ஆண்டுகள் தாங்கிய வருவாய்க்கு நிலத்தின் பெயர்களில் இடமில்லை. ஆண்டுக்கு முப்பது மாலைகள் மட்டும் அந்நிலத்தில் இருந்த விளையாட்டுக்கு இடமுண்டு.

இடப்பெயராய்வு பெயரிடலை இருவகையாக நோக்கும். வழக்கில் தானே உருவாவன ஒருவகை. அதிகாரத்தால் இடப்படுவன மற்றொருவகை. இத்தெருப்பெயர்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. எனினும் அவை மக்களின் மதிப்பீட்டோடு முரண்படவில்லை. பந்தயத்தில் பணம் கட்டியவரின் நினைவு பெரும்பாலும் தனிமனித நினைவு. அதில் வெற்றி ஒருவருக்கும் இழப்பு மற்றவருக்கும் உரியது. அணியின் வெற்றியோ கூட்டத்துக்குப் பொதுவானது. குறுக்கிட்ட சுத்தியல்களை அணிந்த வீரருக்காகக் கூவிய எவரும் தோற்றாலும் ஒன்றாகவே தோற்றனர். பொதுப்பெயராக நிலைக்கும் தகுதி இத்தகைய நினைவுக்கே வாய்த்தது.

இப்பெயர்களுக்கு ஒரு குறைபாடும் உண்டு. அவை குடும்பப் பெயர்கள் மட்டுமே. யங், அட்கின்சன் என்பன ஆங்கிலேயரிடையே பரவலான பெயர்கள். ஒரு தெருவின் பெயரைத் தனித்துக் கேட்பவர் அதன் பின்னுள்ள வீரரை அறிய வழியில்லை. அடுத்தடுத்த தெருக்களை ஒருசேர நோக்கும்போதே அவை ஓர் அணியின் பட்டியல் எனத் தெரியவரும். தனிப்பெயர் மறைந்துபோகக்கூடியது, தொகுதியாக நிற்பதே சான்றாகிறது. ஆகவே இத்தகைய பகுதிகளில் ஒரு தெருவின் பெயரை மட்டும் மாற்றுவதும் தொகுதியின் பொருளைச் சிதைக்கும் செயலாகும்.

முடிவுரை

வெஸ்ட் ஹாம் அரங்கின் வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, ஓர் அரங்கு எவ்விளையாட்டுக்காக நினைக்கப்படுகிறதோ அவ்விளையாட்டே அதன் பொருளியல் அடித்தளம் எனக் கொள்ள இயலாது. தேம்ஸ் கழகத்தின் வீழ்ச்சி, 1956–1963 இடைவெளி, 1972இன் இரட்டை முடிவு ஆகியன இதனை உறுதிப்படுத்துகின்றன. இரண்டாவது, தொழிலாளர் பொழுதுபோக்கின் இடங்கள் சட்டத்தின் இடைவெளிகளில் தோன்றியவை. அதனால் சட்டம் மாறும்போது மறையக்கூடியவை. ரொக்கப் பந்தயத்தைத் தெருவுக்கு மீட்டுத் தந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் வர்க்க வேறுபாடு ஒன்றைக் களைந்தது. அதே சட்டம் அத்தொழிலாளர்கள் கூடிய அரங்குகளின் அடித்தளத்தையும் அரித்தது. மூன்றாவது, நினைவு வருவாய்க் கணக்கைப் பின்பற்றுவதில்லை. அது கூடி நின்ற அனுபவத்தைப் பின்பற்றுகிறது.

லண்டனில் ஒயிட் சிட்டி 1984இலும், ஹாரிங்கே 1987இலும், கேட்ஃபோர்டு 2003இலும், வால்தம்ஸ்டோ 2008இலும், விம்பிள்டன் 2017இலும் நாய்ப்பந்தயத்தை நிறுத்தின. அவற்றுள் பலவற்றில் ஒருகாலத்தில் ஸ்பீட்வேயும் நடந்தது. விம்பிள்டனில் பழைய அரங்கின் இடத்தில் 2020இல் கால்பந்துத் திடல் ஒன்று எழுந்தது. நிலம் விளையாட்டிடமே நின்றது. கஸ்டம் ஹவுஸில் நிலம் வீடுகளாயிற்று, பெயர்கள் தெருக்களாயின. இவ்வரங்குகள் ஒவ்வொன்றின் மறைவையும் விளையாட்டின் வெற்றி தோல்விக் கணக்கோடு நில உரிமை, பந்தயச் சட்டம், இடப்பெயர் ஆகியவற்றையும் இணைத்து ஒப்பிட்டு ஆராய்வது, இருபதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் நகரத்தின் வரலாற்றை முழுமைப்படுத்தும்.